கோழிக்கூட்டை நரியிடமிருந்து காத்தல்

வீட்டுத் தோட்டத்தில் நான்கைந்து கோழிகள் வளர்ப்பது நம்மில் பலருக்கு ஊர்வாழ்வின் தொடர்ச்சியாகும். சிட்னியின் புறநகர்களிலும் உரிய விதிகளுக்கு உட்பட்டு அதனைச் செய்யலாம். ஆயினும், ஊரில் கற்ற வளர்ப்புமுறை இங்கு ஓரிடத்தில் போதாமற் போகிறது. அது காவல். ஊரில் கோழிகள் பகல் முழுவதும் வளவில் மேய்ந்து, பொழுது சாயும்போது கூட்டிலோ மரக்கிளையிலோ அடைந்துவிடும். முற்றத்தில் நாய் இருக்கும். வீட்டில் எவரேனும் ஒருவர் இருப்பார். இங்கோ பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின் வீடு ஆளின்றி இருக்கிறது. இரவில் நாய் வீட்டினுள் உறங்குகிறது. வெளியே செந்நரி உலவுகிறது.

இப்பாடம் வலியுறுத்துவது ஒன்றே. வேட்டையாடும் விலங்குகளை இந்நகரிலிருந்து அகற்றுவது தனியொரு வீட்டாரால் இயலாது. அவற்றுள் பலவற்றைத் தீண்டுவதற்கும் சட்டம் இடமளிக்காது. நம் கைவசம் இருப்பது நாம் அமைக்கும் கூடும், அதனை அடைக்கும் நேரமும் மட்டுமே. அவ்விரண்டையும் செம்மையாக வைத்திருப்பவரின் கோழிகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

1. யாரிடமிருந்து காக்கிறோம்?

செந்நரி ஆஸ்திரேலியாவுக்கு உரிய விலங்கன்று. ஐரோப்பியக் குடியேறிகள் வேட்டை விளையாட்டுக்காகக் கொண்டுவந்த இவ்விலங்கு, 1870களில் விக்டோரியாவில் காட்டில் நிலைபெற்று, பின்னர் கண்டத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. இன்று அது சிட்னியின் உட்புறநகர்களிலும் வாழ்கிறது. தொடருந்துப் பாதையோரப் புதர்கள், நீரோடைக் கரைகள், பூங்காக்கள், வீடுகளின் மரத்தளங்களுக்கு அடியிலுள்ள வெற்றிடங்கள் ஆகியவை அதன் உறைவிடங்கள்.

இலங்கையில் நாம் நரி என்று அழைத்தது குள்ளநரியை. இங்குள்ள செந்நரி வேறோர் இனம். அதன் பழக்கங்களும் வேறு. அது பூனையைப் போல் ஏறவல்லது. 1.8 மீட்டர் உயர மரவேலி அதற்கு ஒரு தடையன்று. வேலியின் குறுக்குச்சட்டமோ, அருகில் வைத்த குப்பைத்தொட்டியோ அதற்குப் படியாகிவிடும். ஏறுவது எளிதாக இல்லையெனில் மண்ணைத் தோண்டும். ஏறத்தாழ 10 சென்ரிமீட்டர் இடைவெளி இருந்தால் நுழைந்துவிடும். எனவே, ‘எங்கள் வளவைச் சுற்றி உயரமான வேலி இருக்கிறது’ என்பது காவலாகாது.

நரி ஒரு கோழியுடன் நின்றுவிடுவதில்லை. தப்பியோட இடமின்றிப் படபடக்கும் கோழிகளிடையே அது நுழைந்துவிட்டால், கூட்டிலுள்ள அனைத்தையும் கொன்றுவிடக்கூடும். ஒன்றிரண்டை எடுத்துச் சென்று புதைத்து வைத்து, எஞ்சியவற்றுக்காக மீண்டும் வரும். இது வெறியினால் நிகழ்வதன்று. கிடைத்தபோது கொன்று சேமித்து வைப்பது அதன் இயல்பு. ஆகையால் கூட்டிலுள்ள ஒரு சிறு குறைபாடு ஒரு கோழியோடு முடிவதில்லை. கூடு முழுவதையும் ஒரே இரவில் வெறுமையாக்கிவிடும்.

ஆண்டின் எல்லாக் காலங்களிலும் நரி வரலாம். எனினும் குட்டிகள் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பிறப்பதால், வசந்தகாலத்தில் குட்டிகளுக்கு உணவூட்டும் தாய்நரி பட்டப்பகலிலும் துணிந்து வருவதுண்டு. கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும்போது, வளர்ந்த குட்டிகள் தமக்கென இடம் தேடிப் புறப்படுகின்றன. அதுவரை நரியே காணாத தெருவிலும் அப்போது நரி தோன்றலாம்.

நரியையன்றி வேறு சிலவற்றையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். அவிழ்த்துவிடப்பட்ட நாய்கள் பகலிலும் தாக்கும். நம் ஊர் வல்லூற்றை ஒத்த பழுப்பு கோஸ்ஹாக் பறவை திறந்தவெளியில் மேயும் இளங்கோழிகளைத் தூக்கும். அண்டங்காக்கையை ஒத்த ரேவன் பறவைகள் முட்டைகளைக் களவாடும். எலிகள் முட்டையையும் சிறு குஞ்சுகளையும் தின்னும். புதர்நிலத்தை அடுத்த பகுதிகளில் டயமண்ட் பைத்தன் எனும் மலைப்பாம்பும், கோவானா எனப்படும் பெரிய உடும்பும் வரக்கூடும்.

2. கூட்டின் நான்கு வாயில்கள்

கதவு ஒன்றுதான் வாயில் என்பது நமது எண்ணம். நரியின் கண்ணுக்குத் தரை, பக்கச்சுவர், கூரை, கதவு ஆகிய நான்கும் வாயில்களே. நான்கில் மூன்றை வலுவாக்கிவிட்டு ஒன்றை விட்டுவைத்தால், செலவிட்ட பணமும் உழைப்பும் வீணாகும்.

தரை. நரி சுவரின் அடியை ஒட்டியே தோண்டத் தொடங்கும். ஆகவே சுவரின் அடியிலிருந்து வெளிப்புறமாக 50 முதல் 60 சென்ரிமீட்டர் அகலத்துக்குக் கம்பிவலையைத் தரையில் படுக்கவைத்து, சுவர்வலையுடன் இடைவெளியின்றிப் பிணைக்க வேண்டும். அதனை முளைகளால் தரையோடு இறுக்கி, மேலே மண்ணோ புல்லோ இட்டு மூடலாம். தோண்டும் இடத்தில் கால்நகம் வலையில் பட்டதும் நரி அவ்விடத்தைக் கைவிடும். இரண்டடி பின்னால் சென்று அங்கிருந்து தோண்டலாம் என்று அது பெரும்பாலும் எண்ணுவதில்லை. ஆழமாகக் குழிவெட்டி வலையைப் புதைப்பதைக் காட்டிலும் இம்முறை எளிது. களிமண் நிலத்துக்கும் ஏற்றது.

பக்கச்சுவர். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய அறுகோணக் கம்பிவலை, கோழி வெளியேறாமல் தடுப்பதற்காக உருவானது. நரி உள்ளே வராமல் தடுப்பதற்காக அன்று. அதனை நரியும் நாயும் கடித்துக் கிழித்துவிடும். துருவேறிய பின்னர் கையாலேயே பிய்க்கலாம். கம்பிகள் சந்திக்கும் இடந்தோறும் பற்றவைக்கப்பட்ட, துத்தநாகம் பூசிய சதுரக்கண் வலையைப் பயன்படுத்துங்கள். கண்ணின் அளவு 12 மில்லிமீட்டர் எனில் நரியோடு எலிகளும் பெரும்பாலான பாம்புகளும் தடுக்கப்படும். செலவைக் குறைக்க விரும்புவோர் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரையும், கோழிகள் உறங்கும் அறை முழுவதற்கும் சிறுகண் வலையை இட்டு, மேற்பகுதிக்கு 25 மில்லிமீட்டர் வலையைப் பயன்படுத்தலாம். ஆனால் எலியும் பாம்பும் ஏறவல்லவை என்பதால், இது நரிக்கும் நாய்க்கும் மட்டுமே முழுமையான காவல். வலையை மரச்சட்டத்தில் பொருத்தும்போது, சிறு கவ்வாணிகளை மட்டும் நம்பாது, வளையமிட்ட திருகாணிகளால் இறுக்குவது நன்று. விலங்கு வெளியிலிருந்து தள்ளும். ஆதலால் வலை சட்டத்தின் வெளிப்புறத்தில் அமைதல் வேண்டும். அப்போது தள்ளுந்தோறும் வலை சட்டத்தின் மீதே அழுந்தும்.

கூரை. மேற்புறம் திறந்த கூடு, நரிக்கும் பருந்தினப் பறவைகளுக்கும் திறந்த கூடே. மேற்புறத்தையும் அதே வலுவுள்ள வலையாலோ தகட்டினாலோ மூடுங்கள். பழமரங்களுக்குப் போர்த்தும் மெல்லிய நூல்வலை நரியைத் தடுக்காது. மாறாக, பழந்தின்னி வௌவால்களும் போசங்களும் அதில் சிக்கி மாய்கின்றன. கூரையும் சுவரும் கூடுமிடத்தில் விரல் நுழையும் இடைவெளி இருப்பினும் அடைத்துவிடுங்கள்.

கதவு. ஒரே தாழ்ப்பாள் நடுவில் உள்ள கதவின் கீழ்மூலை, மூக்கால் நெம்பினால் வளைந்து வழிவிடும். எனவே மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு தாழ்ப்பாள்கள் இடுங்கள். வெறும் கொக்கி போதாது. நழுவாதபடி சுருள்வில் பூட்டோ கொண்டியோ இருத்தல் நலம். கதவின் அடியில் மண் அரித்துப் பள்ளமாவதைத் தடுக்க, ஒரு வரிசை நடைபாதைக் கற்களைப் பதியுங்கள்.

இந்நான்கும் அமைந்த மேய்ச்சற் கூண்டினுள்ளே, கோழிகள் அடைவதற்கென மரத்தாலான தனி உறங்கறை ஒன்று இருத்தல் வேண்டும். வெளிக்கூண்டில் ஒரு குறை நேர்ந்தாலும் உள்ளறை காக்கும். அவ்வறையைக் காற்றுப் புகாதபடி அடைத்துவிடல் ஆகாது. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் வெப்பம் 48.9 பாகை செல்சியஸை எட்டியது. அத்தகைய கோடையில் அடைபட்ட அறையும் கோழிகளைக் கொல்லும். மேற்பகுதியில் அகன்ற காற்றுத்துளைகளை விட்டு, அவற்றைச் சிறுகண் வலையால் மூடுங்கள். நீரும் நிழலும் கூண்டினுள்ளேயே இருக்கட்டும். வெயிலுக்கு அஞ்சிக் கதவைத் திறந்துவைக்கும் தேவை எழாது.

3. அடைக்கும் நேரம்

வலுவான கூடு அமைத்தவர்களும் கோழிகளை இழப்பதுண்டு. அன்று மாலை கதவு அடைக்கப்பட்டிராது. சிட்னியில் ஜூன் மாதத்தில் கதிரவன் மாலை 5 மணிக்குச் சற்று முன்னரே மறைகிறது. வேலை முடித்து வீடு திரும்புவோர் அந்நேரத்தில் சாலையில் இருப்பர். கோழிகள் தாமாகவே உறங்கறைக்குள் சென்று அடைந்துவிடும். இருளில் அவற்றுக்குக் கண் சரிவரத் தெரியாது. திறந்த கதவுக்கும் நரிக்கும் இடையில் வேறொன்றும் இராது. பனிக்காலத்தில் எவர் எத்தனை மணிக்குக் கதவை அடைப்பது என்பதை வீட்டார் முன்கூட்டியே பேசித் தீர்மானித்துக் கொள்ளுங்கள். அண்டை வீட்டாருடன் முறைவைத்துக் கொள்வதும் நல்ல வழி.

தானியங்கிக் கதவு பொருத்துவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கடிகாரத்தால் இயங்கும் கதவு. ஒக்டோபர் முதல் ஞாயிறன்றும் ஏப்ரல் முதல் ஞாயிறன்றும் நமது கடிகாரம் ஒரு மணி நேரம் மாறுகிறது. கோழிகள் கதிரவனையே பின்பற்றுகின்றன. அந்நாள்களில் மட்டுமன்றி, பகற்பொழுது நீளும்போதும் குறுகும்போதும் கதவின் நேரத்தைத் திருத்தாவிடில், கோழிகள் வெளியே நிற்கும்போதே கதவு மூடிவிடும். வெளிச்சத்தை உணர்ந்து இயங்கும் கதவில் இத்தொல்லை குறைவு. இரண்டாவது, எந்தக் கதவாயினும் கோழிகளை அது எண்ணிப் பார்ப்பதில்லை. நாள்தோறும் இருட்டியபின் கைவிளக்கோடு சென்று, கோழிகளை எண்ணி, கதவு முழுதும் மூடியிருப்பதை உறுதி செய்யுங்கள். இரண்டு நிமிட வேலை இது. பிள்ளைகளிடம் ஒப்படைத்தாலும் விரும்பிச் செய்வார்கள். ஆயினும் பெரியவர் ஒருவர் மேற்பார்த்தல் வேண்டும்.

4. தீனி, எலி, பாம்பு

இரவு முழுவதும் வெளியே கிடக்கும் தீனி எலிகளை அழைக்கிறது. எலிகளை நாடிப் பாம்புகள் வருகின்றன; மேற்கு சிட்னியில் கொடிய நஞ்சுள்ள பழுப்புப் பாம்பும் அவற்றுள் ஒன்று. சிந்திய தீனியும் எலியும் நரியையும் ஈர்க்கும். ஆகவே தீனியை மூடியுள்ள உலோகக் கலத்தில் வையுங்கள். மாலையில் தீனித்தட்டை உள்ளே எடுத்துவிடுங்கள். முட்டைகளை நாள்தோறும் சேகரியுங்கள். கூட்டைச் சுற்றி உயர்ந்த புல்லும் மரக்குவியலும் இல்லாதபடி பார்த்துக் கொள்ளுங்கள். பூனைக்கு வெளியில் வைக்கும் உணவும், தரையில் விழுந்து அழுகும் பழங்களும் நரிக்கு விருந்தே.

எலிநஞ்சைக் கூட்டின் அருகில் இடவே கூடாது. நஞ்சுண்டு தள்ளாடும் எலியைக் கோழியும் கொத்தித் தின்னும், ஆந்தையும் பிடிக்கும். இரண்டுக்கும் அது தீங்கு. தீனியை அடைத்து வைப்பதும், புகுவழிகளை மூடுவதுமே நிலையான மருந்து.

கூட்டினுள் பாம்பைக் கண்டால் நெருங்காதீர்கள், அடிக்க முயலாதீர்கள். பிள்ளைகளையும் நாயையும் வீட்டினுள் கொண்டுசென்று, தொலைவிலிருந்து பாம்பைக் கண்காணித்தவாறு, உரிமம் பெற்ற பாம்பு பிடிப்பவரை அழையுங்கள். எவரையேனும் பாம்பு தீண்டினால், அவரை நடக்கவிடாது அசையாமல் இருத்தி, உடனே 000 எண்ணை அழையுங்கள்.

5. சட்டம் கூறுவது

நியூ சவுத் வேல்ஸ் விதிகளின்படி, கோழிகளைக் குடியிருப்பு, பள்ளி, பொதுமண்டபம், உணவு தயாரிக்கும் இடம் ஆகியவற்றிலிருந்து 4.5 மீட்டருக்கு உட்பட்ட தூரத்தில் வைத்திருத்தல் ஆகாது. வாத்து, வான்கோழி முதலியவற்றுக்கு இத்தூரம் 30 மீட்டர். குடியிருப்பு ஒன்றிலிருந்து 15.2 மீட்டருக்குள் கூடு அமைந்தால், தூய மணற்பரப்பில் அமைந்தாலன்றி, கோழிகள் அடையும் சட்டங்களுக்குக் கீழ்ப்பட்ட தரை சிமெந்தாலோ தாராலோ இடப்பட்டிருத்தல் வேண்டும். தூய்மைக்காக வகுக்கப்பட்ட இவ்விதி நமக்கு வேறொரு பயனையும் தருகிறது. சிமெந்துத் தரையை எந்த நரியும் தோண்டுவதில்லை.

குடியிருப்பு வலயங்களில், 10 கோழிகளுக்கு மிகாத, 15 சதுரமீட்டருக்கு மிகாத, 3 மீட்டருக்கு உயராத கூடுகளைப் பொதுவாகத் தனி அனுமதியின்றி அமைக்கலாம். எல்லையிலிருந்து விடவேண்டிய தூரம் முதலான பிற நிபந்தனைகளும் உள்ளன. மரபுரிமைப் பகுதி போன்ற சில இடங்களில் விதிகள் மாறலாம். பல நகரசபைகள் குடியிருப்புப் பகுதியில் சேவல் வளர்ப்பதை அனுமதிப்பதில்லை. வாடகை வீட்டில் வசிப்போர் வீட்டுரிமையாளரின் இசைவை முன்னரே பெறுதல் வேண்டும். கட்டிய பின் இடிப்பதைக் காட்டிலும், கட்டுமுன் நகரசபையைக் கேட்பது நலம்.

பருந்தினப் பறவைகள், பாம்புகள், உடும்புகள், போசங்கள் யாவும் இந்நாட்டுக்குரிய உயிர்கள், சட்டத்தால் காக்கப்படுபவை. அவை கோழியைத் தின்றாலும், அவற்றைக் கொல்வதோ பிடித்து வைப்பதோ குற்றமாகும். செந்நரி இவ்வாறு காக்கப்படுவதில்லை. அது தீங்குயிராகவே கருதப்படுகிறது. எனினும் புறநகர் வளவில் நஞ்சு வைப்பதும் வேட்டையாடுவதும் கூடாது. நரிக்கென வைத்த நஞ்சு அண்டை வீட்டு நாயையோ குழந்தையையோ சென்றடையக்கூடும். பல்லுள்ள எஃகுப் பொறிகள் இம்மாநிலத்தில் தடைசெய்யப்பட்டுள்ளன. நரியைக் கண்டால் ‘ஃபாக்ஸ்ஸ்கேன்’ எனும் கட்டணமற்ற இணையச் சேவையில் இடத்தையும் நேரத்தையும் பதிவு செய்யலாம், நகரசபைக்கும் தெரிவிக்கலாம். எப்பகுதியில் நரிக்கட்டுப்பாடு தேவை என்பதை அறிய அப்பதிவுகள் உதவுகின்றன.

6. இழப்பு நேர்ந்தால்

முதலில் அடையாளங்களைப் பாருங்கள். அடுத்து எந்த வாயிலை அடைப்பது என்பதை அவை கூறும். பல கோழிகள் இறந்து கிடந்து, சிலவற்றின் தலை இல்லாமலும், சில முற்றிலும் காணாமலும் போயிருந்தால் நரி வந்திருக்கலாம். வேலி முறிந்து, கோழிகள் குதறப்பட்டு, உண்ணப்படாமல் கிடந்தால் நாயாக இருக்கக்கூடும். பட்டப்பகலில் ஒரே ஒரு கோழி மட்டும் மாண்டு, இறகுகள் ஓரிடத்தில் குவிந்திருந்தால் பருந்தினப் பறவை. குஞ்சோ சிறுகோழியோ சுவடின்றி மறைந்தால் பாம்பையோ எலியையோ ஐயுறலாம்.

நரி வந்தது எனில், அது அடுத்த இரவும் வரும் என்றே கொள்ளுங்கள். எஞ்சிய கோழிகளை அன்று மாலைக்குள் வண்டிக்கொட்டகை போன்ற பூட்டிய இடத்துக்கு மாற்றுங்கள். நரி நுழைந்த வழியைக் கண்டறிந்து அடைத்த பின்னரே அவற்றைக் கூட்டில் விடுங்கள். காயமுற்ற கோழியை, காற்றோட்டமுள்ள பெட்டியில் துணியிட்டு, இருளும் அமைதியும் உள்ள இடத்தில் வையுங்கள். கடிகாயம் சிறிதாகத் தோன்றினும் சீழ்ப்பிடிக்கக்கூடும் என்பதால் விலங்கு மருத்துவரை நாடுங்கள். இறந்தவற்றைக் கையுறை அணிந்து, இரட்டைப் பையிலிட்டு அப்புறப்படுத்துங்கள். எந்தத் தொட்டியில் இடுவது என்பதை நகரசபை கூறும்.

அண்டை வீட்டு நாய் தாக்கியிருப்பின், ஒளிப்படம் எடுத்து, நாளையும் நேரத்தையும் குறித்து, நகரசபைக்குத் தெரிவியுங்கள். கோழியை நாய் தாக்குவதும் சட்டப்படி நாய்த்தாக்குதலே. காயம் எதுவுமின்றிப் பல கோழிகள் திடீரென மாண்டால் அது வேட்டையன்று, நோயாக இருக்கலாம். அவற்றைத் தொடாமல், விலங்கு நோய்க்கான அவசர இலக்கமாகிய 1800 675 888ஐ உடனே அழையுங்கள்.

7. நீங்களே செய்து பாருங்கள்

இன்று மாலை, பொழுது சாயுமுன், கூட்டை ஒருமுறை சுற்றி வந்து கீழுள்ளவற்றைச் சோதியுங்கள். ஒன்றுக்கேனும் ‘இல்லை’ என்ற விடை வந்தால், முதலில் செய்யவேண்டிய வேலை அதுவே.

• சுவரின் அடியைச் சுற்றிலும் தரைவலையோ சிமெந்தோ உள்ளதா?
• வலையைக் கையால் வலுவாகத் தள்ளும்போது சட்டத்திலிருந்து விலகாமல் நிற்கிறதா?
• கூரை முழுவதும் மூடப்பட்டுள்ளதா?
• கதவின் கீழ்மூலையைக் காலால் தள்ளும்போது அசையாமல் இருக்கிறதா?
• துருவேறிய, அறுந்த வலைப்பகுதிகள் மாற்றப்பட்டுள்ளனவா?
• இன்று கதவை அடைப்பவர் யார் என்பது வீட்டில் அனைவருக்கும் தெரியுமா?
• வீட்டார் வெளியூர் செல்லும் நாள்களில் அடைப்பதற்கு வேறொருவர் உள்ளாரா?

பருவந்தோறும் ஒருமுறை இச்சோதனையை மீண்டும் செய்யுங்கள். மரம் வளையும், மண் அரிக்கும், கம்பி துருவேறும். சென்ற ஆண்டு வலுவாக இருந்த கூடு இவ்வாண்டும் அவ்வாறே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. மாலைதோறும் கோழிகள் எவரும் அழைக்காமலே வந்து அடைகின்றன. அவற்றுக்குப் பின்னால் கதவைச் சாத்துவது நமது பொறுப்பு.

உதவிக்கு

தமிழில் பேச விரும்புவோர் 131 450 எனும் மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்புச் சேவையை அழைத்து, நகரசபையுடன் இணைக்குமாறு கேட்கலாம். காயமுற்ற காட்டுயிர்களைக் கண்டால் வயர்ஸ் அமைப்பை 1300 094 737 எனும் இலக்கத்தில் அழையுங்கள். உயிருக்கு ஆபத்தான வேளையில் அழைக்க வேண்டிய எண் 000.